கிரேசி சேர்த்த ஜோடி

கிரேசிக்குப் பொறாமை உண்டு என்று நான் சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, கீது. இன்னா இப்போ?" என்பாள். எதிர்வீடு, ஒரே கம்பெனி வேன், ஒரே ஷெட் என்று இத்தனை வருஷமாக அவளோடு காலம் தள்ளுகிறேன். சேரப்பணஞ்சேரியில் இவ்வளவு வெளிப்படையாகப் பொறாமைப்படுகிற இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் எல்லாம் வயிற்றுக்குள் வைத்துப் புழுங்குவார்கள். இவள் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள்.

அவ்வளவு பொறாமையும் ஒரே ஒருத்தி மேல்தான். தங்கை ஜோஸ்லின். நர்ஸ் படித்துவிட்டு மடத்தில் சேர்ந்து, இப்போது டான்சானியாவில் ஏதோ ஒரு மலையோரக் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறக்கிற குழந்தைகளை வீடு வீடாகத் தேடிப் போய், பெற்றவர்களிடம் கெஞ்சி, பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவது அவள் வேலை. வாரா வாரம் மாவுக்கட்டை மாற்றிப் போட்டுப் போட்டு அந்தப் பாதத்தை நேராக்குவார்களாம். நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயில் மைக்கில் கேட்டுக்கொண்டு, அதே வீட்டில் பிறந்த இன்னொருத்தி கீழே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே, அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா ராஜம்மா இருப்பது கிரேசி வீட்டில். சோறு போடுவது கிரேசி, மாத்திரை வாங்குவது கிரேசி, முட்டிக்குத் தைலம் தேய்ப்பது கிரேசி. ராஜம்மா வாயைத் திறந்தால் வருவது ஜோஸ்லின். அதுவும் ஜோஸ்லின் என்று சொல்ல மாட்டாள். "எங்க சிஸ்டர் போன் பண்ணாங்க" என்பாள்.

"பெத்த பொண்ணை எவளாவது சிஸ்டர்னு கூப்புடுவாளா? அப்போ நான் உனக்கு யாரு, ஆயாவா?" என்று கிரேசி கேட்பாள்.

"நீ கிரேசி" என்பாள் ராஜம்மா, அதில் தப்பு என்ன இருக்கிறது என்பதுபோல.

ஜோஸ்லின் வீடியோவில் வந்தால் கிரேசி அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்குக் குக்கர் தேய்க்கத் தோன்றும். ராஜம்மாவும் நானும் போனில் அந்தக் குழந்தைகளைப் பார்த்து உச்சுக்கொட்டுவோம். "அக்கா எங்கே?" என்று ஜோஸ்லின் கேட்பாள். "வேலையா கீறா" என்பேன். உள்ளேயிருந்து கரண்டி விழும் சத்தம் டான்சானியா வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கும் மறைமலை நகரில் ஓர் அண்ணன் இருக்கிறான். அவனைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு மண்ணும் இல்லை. அதனால் எனக்கு இந்த நோயின் ருசி தெரியாது. ஆனால் கிரேசி பக்கமும் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரகடம் கம்பெனி வேனில் ஏறியவள் அவள். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை படித்தாள். அதை மைக்கில் யாரும் சொன்னதில்லை.

எங்களுடையது ஷூ கம்பெனி. நான் தையல் லைனில். கிரேசி கடைசியில், பேக்கிங்குக்கு முன்னால், ஜோடி பார்க்கும் மேசையில். வருகிற ஷூக்களில் வலதையும் இடதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவு ஒன்றுதானா, தோலின் நிறம் ஒன்றுதானா, தையல் ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று பார்த்து டப்பாவுக்குள் வைக்க வேண்டும். ஜோடி மாறிப் போனால் அதற்குப் பெயர் மிஸ்பேர். மிஸ்பேர் விட்டவர்களின் பெயரைப் போர்டில் எழுதிப் போடுவார்கள். கிரேசியின் பெயர் அந்தப் போர்டில் ஏறியதே கிடையாது. லைனில் யாராவது தூரத்தில் ஒரு ஜோடியைத் தூக்கிப் பிடித்தால், இவள் இங்கிருந்தே "லெஃப்ட்டு ஒரு சைஸ் சின்னது" என்பாள். சரியாக இருக்கும்.

இந்தப் புத்தி கம்பெனியோடு நின்றால் பரவாயில்லை. கல்யாண மண்டபத்து வாசலில், மாதா கோயில் வாசலில், எங்கே செருப்புகள் சிதறிக் கிடந்தாலும் நின்று, திட்டிக்கொண்டே காலால் தள்ளி ஜோடி சேர்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். பூசைக்குப் பாதி நேரம் பிந்திப் போவதற்கு இதுதான் காரணம்.

போன வருஷம் ஜோஸ்லினுக்கு ஷூ தேவைப்பட்டது. மாவுக்கட்டைப் பிரித்ததோடு வேலை முடிந்துவிடாதாம். இரண்டு ஷூக்களை ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் முடுக்கி, அதைக் குழந்தை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அப்படியே சில வருஷம். இல்லாவிட்டால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். கம்பியை அங்கேயே ஒருவர் செய்து தருகிறார், நல்ல மெத்தென்ற தோல் ஷூதான் கிடைக்கவில்லை என்று ஃபாதரிடம் சொல்லியிருக்கிறாள். ஃபாதர் எங்கள் சூப்பர்வைசர் மோகன் சாரைப் பிடித்தார். மோகன் சார் மேலே பேசினார். வெட்டி மிஞ்சிய தோலில், சாம்பிள் ரூமில், ஷிஃப்ட் முடிந்து செய்துகொள்ளுங்கள் என்று அனுமதி கிடைத்தது. நாங்கள் சில பேர் சேர்ந்துகொண்டோம். ஜோடி பார்த்துக் கட்டுவது யார்? கிரேசிதான், வேறு யார்?

முதலில் முரண்டு பிடித்தாள். "ஊர்ல கீறவங்க எல்லாம் சேர்ந்து செய்யணும், பேரு மட்டும் அவளுக்கு" என்றாள். பிறகு, தான் செய்யாவிட்டால் வேறு எவளாவது செய்து கெடுத்துவிடுவாள் என்று ஒத்துக்கொண்டாள்.

அளவுகளை ஜோஸ்லின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். வேனில் கிரேசி அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவள், திடீரென்று என் தொடையில் அறைந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"மரகதம், இதைக் கேளேன். ரெஹேமா, வலது அஞ்சு, இடது மூணாம். ஒரே பொண்ணுக்கு! சில பசங்களுக்கு ஒழுங்கா சொல்லிகினு வரா, சிலதுக்கு இப்டி. இவ்ளோ படிச்சவளுக்கு ஒரு ஜோடி சொல்லத் தெரியல பாரு."

"போன் பண்ணிக் கேட்டுடேன்டி" என்றேன்.

"நான் இன்னாத்துக்குக் கேக்கணும்? காலமெல்லாம் ஜோடி பாக்கறவ நானு. ரெண்டும் அஞ்சு போட்டா தீந்துச்சு. கொயந்தைதானே, வளரும்."

எங்கள் வீடுகளில் யாரும் பிள்ளைக்குச் சரியான அளவில் ஷூ வாங்குவதில்லை. ஒரு சைஸ் பெரிசாக வாங்கிப் பஞ்சு வைத்து அனுப்புவோம். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இரண்டு அளவு சொன்ன எல்லாக் குழந்தைகளுக்கும் கிரேசி பெரிய அளவையே எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஜோடி சேர்த்துக் கட்டினாள். டான்சானியாவுக்குப் போகிற ஒரு சாமியார் பெட்டியில் அவை போய்ச் சேர்ந்தன. சிஸ்டர் அளவைத் தப்பாகச் சொன்னதையும், தான் திருத்தியதையும் தண்ணீர்க் குழாயடியில், கேன்டீனில், மளிகைக் கடையில் சொல்லித் தீர்த்தாள். புருஷன் லூர்துராஜ் ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டான்.

ஷூ கிடைத்ததும் ஜோஸ்லினிடமிருந்து செய்தி வந்தது. எல்லாம் நல்லபடியாக வந்தன, அக்காவுக்கு நன்றி என்று. "தப்பு சொன்னேன்னு ஒரு வார்த்தை ஒத்துகினாளா பாரு" என்றாள் கிரேசி. ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

இந்த வருஷம் ஜோஸ்லின் லீவில் வந்தாள். மெலிந்து, கறுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவளாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாராட்டு விழா என்று ஃபாதர் அறிவித்துவிட்டார். முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லாரும் கிரேசி வீட்டில் இருந்தோம். ஜோஸ்லின் அம்மாவுக்குப் போனில் வீடியோக்கள் காட்டிக்கொண்டிருந்தாள். கிரேசி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். தான் கட்டிய ஷூவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

போன வருஷத்து வீடியோ ஒன்றில் ஒரு சின்னப் பெண், தலை முழுக்கக் குட்டிக் குட்டிப் பின்னல், கால் இரண்டும் கம்பியில் மாட்டியபடி பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்து" என்றாள் கிரேசி.

போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இடது கால் லூசா கீது. குதிகால் மேல வந்துட்டுது. உள்ள துணி அடைச்சு வச்சிருக்க. இன்னாது இது?"

"ஒண்ணுமில்லக்கா. சமாளிச்சிட்டோம். சாப்பாடு ரெடியா?"

"இது யாரு, ரெஹேமாவா?"

ஜோஸ்லின் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அக்கா விடுகிற ஆளா? கேட்டுக் கேட்டுப் பிடுங்கினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கால்தான் திரும்பிப் பிறந்தது. அப்படிப் பிறக்கிற பாதம் மற்றதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். ஜோஸ்லின் சொன்ன அளவு சரி. மற்ற பிள்ளைகளுக்கு எப்படியோ துணி வைத்து ஓட்டிவிட்டார்கள். ரெஹேமாவுக்கு மட்டும் ஷூ உராய்ந்து உராய்ந்து குதிகால் புண்ணாகிவிட்டது. பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் அவள் அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டாள். பாதம் திரும்பிக்கொண்டது. இப்போது மறுபடியும் முதலிலிருந்து மாவுக்கட்டு. ஜோஸ்லின் திரும்பிப் போனதும் கட்டைப் பிரிப்பார்கள். அன்றைக்கே சரியான ஷூ மாட்டாவிட்டால் இதுவும் வீண்.

"இவ்ளோ நடந்துகீது, என்கிட்ட ஏன் சொல்லல?"

"அங்கயே யாரையாவது தைக்கச் சொல்லலாம்னு இருந்தேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லலக்கா. யாருக்கும் தெரியாது. விடு."

கிரேசி அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கொதித்துப்போனாள்.

"யாருக்கும் தெரியாதா? நான் தப்பு பண்ணுவேன், நீ மூடி வச்சு என்னை மன்னிப்பியா? ஊருக்கெல்லாம் நல்லவளா இருந்தது பத்தலையா, எனக்கும் நல்லவளா இருக்கணுமா? யாருடி கேட்டா உன் மன்னிப்பை?"

ராஜம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "சிஸ்டரை 'டி' போட்டுப் பேசறியே!"

"அவ எனக்குத் தங்கச்சி. 'டி'தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு கிரேசி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடவில்லை. நான் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு, "அந்தக் கொயந்தைங்க காலை நான் ஒரு தபா கூட பாத்ததில்ல மரகதம். அவ காட்டறான்றதுக்காகவே பாக்கல" என்றாள். குக்கர் தேய்த்த கதை எனக்குத் தெரிந்ததுதானே.

மறுநாள் விழாவுக்கு நானும் போனேன். நான் கும்பிடுகிற சாமி வேறுதான், ஆனாலும் அன்றைக்கு என்ன நடக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. சால்வை போட்டார்கள். மாலை போட்டார்கள். ஜோஸ்லின் மைக்கைப் பிடித்து, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, "எங்க அக்கா அளவு பிசகாம அருமையா ஷூ செஞ்சு அனுப்பினாங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. இத்தனை வருஷத்தில் அந்த மைக்கில் கிரேசியின் பெருமை கேட்டது அன்றுதான்.

கிரேசி எழுந்தாள். நேராக மேடைக்குப் போய்த் தங்கை கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"பொய். இவ பொய் சொல்றா. அளவை இவ சரியாத்தான் சொன்னா. நான்தான் மாத்திட்டேன். இவளுக்கு ஜோடி தெரியலன்னு உங்கள்ள பாதிப் பேருக்கிட்ட சொல்லிகினு திரிஞ்சேன். அதனால அங்க ஒரு பொண்ணு கால் மறுபடியும் திரும்பிடுச்சு. கம்பெனியா இருந்தா என் பேரு போர்டுல வந்திருக்கும். இங்க இவ மறைச்சு வைக்கறா. மறைச்சு நல்ல பேரு வாங்கற ஆளு நான் இல்ல."

ஃபாதர் மைக்கை வாங்க இரண்டு தடவை கையை நீட்டி, இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டார். நல்ல மனசு, உத்தமி என்று பிறகு சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் உத்தமியாக மேடை ஏறவில்லை. பெருந்தன்மை முழுவதும் தங்கை ஒருத்திக்கே போய்விடுவதைப் பொறுக்க முடியாமல் ஏறினாள். உண்மை எப்படி வந்தால் என்ன, வந்தது.

திங்கட்கிழமை மோகன் சார் சாம்பிள் ரூமைத் திறந்துவிட்டார். இந்தத் தடவை ஜோஸ்லினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, போட்டோவில் இருக்கிற பாதத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குதிகால் எங்கே நிற்கும், பட்டை எங்கே இறுக்கும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். நான் தைத்தேன். உள்ளே புண் படாமலிருக்க ஆட்டுத்தோல் வைத்தோம். மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சின்னக் காலுக்கான ஷூக்களைத் தைத்தோம்.

எல்லாம் முடிந்து டப்பாவில் வைக்கிற இடத்தில் கிரேசியின் கை நின்றுவிட்டது. வலது அஞ்சு, இடது மூணு. மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மாதிரி ஒன்றை அவள் தன் ஆயுசில் டப்பாவுக்குள் விட்டதில்லை. பழக்கம் விடுமா? எடுப்பாள், வைப்பாள்.

அந்த வழியாக வந்த மோகன் சார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா கிரேசி, மிஸ்பேர் போடற?"

"இல்ல சார், இதான் ஜோடி" என்று சொல்லி டப்பாவை மூடினாள்.

ஜோஸ்லின் கிளம்பிப் போகிற வரைக்கும் அக்கா தங்கைக்குள் சுமுகமான பேச்சு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏர்போர்ட்டில் "உடம்பைப் பாத்துக்கோ, எலும்பா கீற" என்று மட்டும் கிரேசி சொன்னாளாம். லூர்துராஜ் சொன்னான்.

சில வாரங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீடியோவில் ஜோஸ்லின் வந்தாள். ராஜம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கிரேசி அடுப்படிக்குப் போகவில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

ரெஹேமா மண் தரையில் நடந்து வந்தது. பகலில் கம்பி வேண்டாமாம், வெறும் காலோடு நடந்தது. இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. பின்னால் அவள் அம்மா அந்த ஷூ ஜோடியைப் போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஏதோ கேட்டாள்.

"இதைச் செஞ்சது யாருன்னு கேக்கறாங்கக்கா" என்றாள் ஜோஸ்லின்.

"என் பேரைச் சொல்லு. மடத்துப் பேரைச் சொல்லிடாத. கிரேசின்னு சொல்லு."

ஜோஸ்லின் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மா இரண்டு கையாலும் கும்பிடுவதுபோல ஏதோ செய்தாள். கிரேசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரி, இனி இவளுக்கு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

போனில் தெரிந்த புது முகங்களைப் பார்த்து வெட்கப்பட்டு, அந்தக் குழந்தை ஓடிப்போய் ஜோஸ்லின் மடியில் ஏறிக்கொண்டது. இரண்டு கையையும் அவள் கழுத்தில் போட்டு, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டது. ஜோஸ்லின் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள், தினமும் நடக்கிற விஷயம்போல.

கிரேசியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் என்னடி வேண்டும் உனக்கு, பேரும் கிடைத்தது, கும்பிடும் கிடைத்தது, ஒரு குழந்தை தங்கை மேல் ஏறி உட்கார்ந்தால்கூட உனக்குப் பொறுக்காதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள், என்னிடம்தான், மெதுவாக.

"சின்னதுல இவ என் கழுத்தைத்தான் அப்டிக் கட்டிகினு தூங்குவா மரகதம். எறக்கி வுட்டா அழுவா. இப்போ பாரு, எங்கயோ கீற ஒரு பொண்ணு இவ மேல ஏறி ஒக்காந்துகினு கீது."

இத்தனை வருஷமாக அவள் ஜோஸ்லினைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா சொல்ற? சரியா கேக்கல" என்றாள் ஜோஸ்லின்.

"ஒண்ணுமில்ல" என்று கிரேசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ வளந்துட்டா போலகீதே. அடுத்த அளவைச் சொல்லு. ரெண்டு காலுக்கும் தனித்தனியா சொல்லு."